ஏழாம் நம்பர் கட்டில்

பொருநைக் கரை மதுநோயாளர் மறுவாழ்வு நிலையத்தைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பக்கம் போகும் சாலையில், சுற்றிலும் வேப்பமரம் நிற்க, அவ்வளவு சுத்தமான கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாற்பது கட்டில், நாற்பது நாள் சிகிச்சை. ஒவ்வொரு கட்டிலிலும் வெள்ளை விரிப்பு, அதன் மேல் மடித்து வைத்த கம்பளி, தலைமாட்டில் எண். வாரம் ஒருமுறை டாக்டர் ஒருவர் வந்து கட்டில்களைச் சுற்றிப் பார்த்து, பதிவேட்டில் ‘அனைவரும் நலம்’ என்று எழுதிவிட்டுப் போவார். தொண்ணூற்றிரண்டில் திறப்பு விழா நடந்தது. தொண்ணூற்றாறு ஜூலை வரைக்கும் அந்த நாற்பது கட்டிலில் ஒன்றில்கூட ஒரு குடிகாரன் படுத்ததில்லை. விரிப்புகள் வெள்ளையாக இருந்ததற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. வாராவாரம் அவை சலவைக்கும் போய் வந்துகொண்டிருந்தன.

இந்த நிலையத்தில் சேர வேண்டும் என்று வேதமுத்து ஆசைப்பட்டான்.

வேதமுத்துவுக்கு ஊர் விக்கிரமசிங்கபுரம். நூல் மில்லில் பதினெட்டு வருஷ வேலை. குடியை விட மாட்டேன் என்று அடம் பிடிக்கிற ஆள் இல்லை அவன். ஏழெட்டுத் தடவை விட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் பத்து நாள். முதல் மூன்று நாள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சோறு இறங்காது. நாலாவது நாளிலிருந்து தெளியும். பத்தாவது நாள் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் ‘ஆளே மாறிட்டீரே’ என்பார்கள். பதினோராவது நாள் சாயங்காலம் ஷிப்டு முடிந்து சைக்கிளை எடுப்பான். அது நேரே பிராந்திக் கடை வாசலில் போய் நிற்கும். ஏன் சரியாகப் பதினோராவது நாள் என்பது அவனுக்கே விளங்கவில்லை. இனி ஒருமுறை ஆரம்பித்தால் ஈரல் தாங்காது, அதற்குப் பிறகு என்னிடம் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று அம்பாசமுத்திரத்து டாக்டர் சொல்லியிருந்தார். அவர் பயமுறுத்துகிறவர் அல்ல. அதனால்தான் வேதமுத்துவுக்குப் பயமாக இருந்தது.

அவன் மனைவி ஞானசௌந்தரி கணக்கைத் தெளிவாகப் போட்டுவிட்டாள்.

“பத்து நாளு உங்களால முடியும். பதினோராவது நாளுக்கு உங்களை வச்சுப் பூட்ட ஒரு எடம் வேணும். வீட்டுப் பூட்டு காணாது. சாவி எங்கன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.”

ஜூலை இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அவன் கடைசியாகக் குடித்தான். மறுநாள் முதல் நாள். வியாழக்கிழமை, அதாவது இரண்டாம் நாள், சாரலில் நனைந்துகொண்டு பஸ் ஏறி, புருஷனும் பெண்டாட்டியும் நிலையத்தின் வாசலில் வந்து இறங்கினார்கள்.

அலுவலகத்தில் சாலோமி என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். நாலு வருஷமாக அங்கே வேலை. வாசிப்பதற்கு விதிமுறைக் கையேட்டைத் தவிர வேறொன்றும் இல்லாததால், அதை மனப்பாடமாகச் சொல்லுவாள். விண்ணப்பப் படிவம் பதினாறு பக்கம். ‘குடிப்பழக்கம் உண்டா? உண்டு எனில் சான்றளித்த அதிகாரியின் பெயர், பதவி, முத்திரை’ என்று ஆரம்பித்தது. கடைசியாகக் குடித்தபோது உடனிருந்த இருவர், தெளிந்த நிலையில், கையொப்பமிட வேண்டும் என்றது. குடிப்பழக்கத்தால் விண்ணப்பதாரர் அடைந்த நன்மைகளுக்கு ஒரு பக்கம் விட்டிருந்தார்கள். தீமைகளுக்கு இரண்டு வரி. கடைசியில் விண்ணப்பதாரர் மூன்று இடத்தில் கையொப்பமிட வேண்டும், மூன்றும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் கை எப்படி ஒன்றுபோல எழுதும்? முதல் கையெழுத்து வேதமுத்து என்று இருந்தது. இரண்டாவது, மழையில் நனைந்த வேதமுத்து. மூன்றாவதைக் கையெழுத்து என்று அவன்தான் சொல்ல வேண்டும். சாலோமி வேறு படிவம் கொடுத்தாள். அதுவும் அப்படித்தான். நாலாவது படிவத்தில், நடுக்கம் நின்ற பிறகு வந்து போடுங்கள் அண்ணாச்சி என்று இரக்கமாகச் சொன்னாள். நடுக்கம் நிற்பதற்காகத்தானே வந்திருக்கிறேன் என்று கேட்க வேதமுத்துவுக்குத் தோன்றியது. ஆனால் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் குடிகாரச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனான். அவர் நல்ல மனுஷன். வருமானத்துக்கு, சாதிக்கு, இருப்பிடத்துக்கு, எல்லாவற்றுக்கும் தன்னிடம் படிவம் இருப்பதாகவும், குடிகாரருக்கு மட்டும் அரசாங்கம் இன்னும் அச்சடிக்கவில்லை என்றும் வருத்தப்பட்டார். தவிர, தானே கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. சாயங்காலம் ஒருமுறை குடித்துவிட்டு இந்தப் பக்கம் வர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். ஞானசௌந்தரி பார்த்த பார்வையில் அந்த யோசனையைக் கைவிட்டு, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்: ‘மேற்படி நபர் குடிகாரர் அல்லர் என்பதற்கு இக்கிராமப் பதிவேடுகளில் ஆதாரம் ஏதும் இல்லை.’ முத்திரை வைத்தபோது அவருக்கே அதில் ஒரு திருப்தி இருந்தது.

நாலாம் நாள் பிராந்திக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. படிவத்தில் பதினோராம் பக்கம், வாடிக்கைச் சான்று.

ஞானசௌந்தரி குடையோடு சாலையிலேயே நின்றுகொண்டாள். நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே பார்த்து, “இருக்கியளா?” என்று கேட்பாள். “இருக்கேன்” என்று அவன் பதில் சொல்ல வேண்டும். அப்படித்தான் பேச்சு. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு போய் நின்றான். கடைக்கார அண்ணாச்சிக்கு விஷயம் புரிந்ததும் மனசு கஷ்டப்பட்டுவிட்டது. ஆனாலும் வியாபாரத்தில் நியாயம் உள்ளவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: ‘திரு. வேதமுத்து அவர்கள் பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் வாடிக்கையாளர். தகராறு செய்யாதவர். காலிப் பாட்டிலை உடைக்காதவர். இவரை இழப்பதில் மிகவும் வருந்துகிறோம். சிகிச்சை முடிந்து திரும்பி வரும்போது பழைய மரியாதை அப்படியே இருக்கும்.’ வேதமுத்துவின் வாழ்க்கையில் அவனைப் பாராட்டி ஒருவர் எழுதிய கடிதம் அது ஒன்றுதான். அதை வாங்கும்போது மூச்சை விட்டுவிட்டான். கடையின் வாசனை மூக்கில் ஏறியது. கால் நகரவில்லை.

“இருக்கியளா?”

அவன் பதில் சொல்லவில்லை. அவள் குடையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்து, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆறாம் நாள், திங்கட்கிழமை, கை நேராகிவிட்டது. மூன்று கையெழுத்தும் ஒன்றுபோல விழுந்தன. சாலோமி அவனைச் செயலாளரின் அறைக்கு அனுப்பினாள். செயலாளர் தேவசிகாமணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதிரில் யார் உட்கார்ந்தாலும் ஐந்தாம் வகுப்புப் பையனாகப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. சான்றுகளை எல்லாம் பிழை திருத்திக்கொண்டே படித்தார். கடைக்கார அண்ணாச்சியின் கடிதத்தில் இரண்டு ஒற்றெழுத்தைச் சேர்த்தார். பிறகு, கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்டார்.

“போன செவ்வாக்கிழமை சார்.”

“ஆறு நாளாக் குடிக்கலை. அப்போ உம்மைக் குடிகாரர்னு நான் எப்படி ஒத்துக்கிட முடியும்?”

“குடிச்சுட்டு வந்திருந்தா சேத்திருப்பியளா சார்?”

“குடிச்சுட்டு வந்திருந்தா கேட்டுலயே நிறுத்தியிருப்போம். விதி பதினாலு. இது கௌரவமான எடம்வே.”

இருவருக்குமே இதில் ஒரு வழி இருந்தாக வேண்டும் என்று தோன்றியது. தேவசிகாமணிதான் முதலில் தெளிந்தார். எப்படியும் சேர்க்கைக் கமிட்டிதான் முடிவெடுக்க வேண்டும். அது மாதம்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கூடும். வருகிற சனிக்கிழமையே கூடுகிறது. ஐந்து பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். நாலு பேர் தவறாமல் வருகிறார்கள். ஐந்தாமவர் தொண்ணூற்றிரண்டில் திசையன்விளையில் மகள் வீட்டுக்குப் போனவர், பேத்தி பிறந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். அதனால் நாற்பத்தெட்டு மாதமாக நாலு பேரும் கூடி, டீ குடித்து, வடை சாப்பிட்டு, ‘கோரம் இல்லாமையால் ஒத்திவைக்கப்பட்டது’ என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை என்பது பதினோராம் நாள். வேதமுத்து விரல் விட்டு எண்ணினான். அவர் அதைக் கவனிக்கவில்லை. வேறொரு யோசனை அவருக்கு வந்திருந்தது. வியாழக்கிழமை நிலையத்தின் ஆண்டு விழா. மானியம் தருகிற இடத்திலிருந்து மூன்று பேர் சென்னையிலிருந்து பார்வையிட வருகிறார்கள். குணமடைந்த ஒருவர் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். குணமடைந்தவருக்கு எங்கே போவது என்று மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல் இருந்தார். இதோ ஆறு நாள் குடிக்காத ஒருவர், தானாக நடந்து வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

வந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் கமிட்டிக்கு உம்மேல் ஒரு நல்ல அபிப்பிராயம் வரும் என்றார் செயலாளர். சேர்ந்த மாதிரியே வைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

ஒன்பதாம் நாள் வேதமுத்துவுக்கு வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். போட்டோ எடுப்பதற்காகக் கூடத்துக்குள் அழைத்துப் போனார்கள். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுவது ஏழாம் நம்பர் கட்டிலில் என்று போட்டோக்காரர் சொன்னதால், அதில் படுக்கச் சொன்னார்கள். விரிப்புக்குக் கீழே மெத்தையின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் சரசரத்தது. ஜன்னலுக்குக் கம்பி இருந்தது. கதவு கனமான தேக்கு. வெளிப்பக்கம் ஒரு பெரிய தாழ்ப்பாள். வேதமுத்து தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு உடம்பு தளர்ந்தது. போட்டோ எடுத்து முடித்தபோது அவன் தூங்கிப்போயிருந்தான். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய ‘உறுப்பினர் ஆய்வுப் பதிவேடு’ வெற்றாக இருப்பது படத்தில் தெரியும் என்பதால், சாலோமி அதைத் திருப்பி மாட்டினாள். பிறகு அவனைத் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று.

விழாவுக்குத் தலைவர் ஹரிஹரசுப்பிரமணியன். பதிவுத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். எழுதிக்கொண்டு வந்த உரையை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

“இந்த நான்கு ஆண்டுகளில் இவ்வளாகத்துக்குள் ஒரு சொட்டு மது நுழைந்ததில்லை. மது மட்டுமல்ல, மது அருந்திய எவரும் நுழைந்ததில்லை. எங்கள் கட்டில்களில் ஒரு கறை காட்டுங்கள் பார்ப்போம். பிற நிலையங்களில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் மீண்டும் குடிக்கிறார்கள் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. எங்களிடம் சேர்ந்தவர்களில் மீண்டும் குடித்தவர் ஒருவர்கூட இல்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

சென்னைக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள். பிறகு வேதமுத்துவைக் கூப்பிட்டார்கள். செயலாளர் எழுதிக் கொடுத்த தாளை அவன் பார்த்து வாசிக்கவில்லை. தாள் மேசையில் கிடந்தது.

“ஐயா, நான் இங்கன இன்னும் சேரலை. சேரணும்னுதான் நடையா நடக்கேன். இன்னைக்கு எனக்கு ஒம்பது நாளு. சனிக்கிழமை சாயங்காலம் நான் குடிச்சிருவேன். எனக்கு என்னைத் தெரியும். அதுக்குள்ள என்னை உள்ள போட்டுப் பூட்டிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. தலைவர் மைக்கை வாங்கி, எங்கள் சிகிச்சை கற்றுத் தருகிற பணிவு இதுதான் என்றார். பார்வையாளர்களில் மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார்: ‘பயனாளி தம்மை இன்னும் சேராதவராகவே உணர்கிறார். மிக ஆழமான பலன்.’ வேதமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் பொன்னாடைக்குள்ளிருந்து ஞானசௌந்தரியைத் தேடினான். கடைசி வரிசையில் அவள் ஒருத்தி மட்டும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

பத்தாம் நாள் காலையில் அவன் பெட்டி, படுக்கை, சோப்பு, துண்டோடு வந்து நின்றான். சாலோமி பதிவேட்டைத் திறந்தாள். சிவப்பு மையில் அவன் பெயர் இருந்தது. அதற்கு நேரே செயலாளரின் கையெழுத்தில், ‘குணமடைந்து வெளியேறினார்.’

சேராமல் எப்படி வெளியேறினேன் என்று அவன் கேட்டான். சாலோமி தலையைக் குனிந்துகொண்டாள். குணமடைந்தவரை மறுபடி சேர்க்க வேறு படிவம் இருந்தது. மீண்டும் குடித்ததற்கு அத்தாட்சி இணைக்க வேண்டும். அந்த அத்தாட்சியோடு குடித்த நிலையில் உள்ளே வரக் கூடாது.

தேவசிகாமணிக்கும் மனசு கேட்கவில்லை. நேற்று சாட்சி சொன்ன மனுஷன். ரொம்ப நேரம் கையேட்டைப் புரட்டி, விதி இருபத்திரண்டைக் கண்டுபிடித்தார். கமிட்டியில் காலியிடம் ஏற்பட்டால், குணமடைந்தோர் ஒருவரைப் பிரதிநிதியாகச் செயலாளரே நியமிக்கலாம். திசையன்விளைக்காரர் இடத்தில் வேதமுத்துவைப் போட்டால் ஐந்து பேர் ஆகிவிடும். நாலு வருஷத்தில் முதல்முறையாகக் கோரம். முதல் காரியமாக வேதமுத்துவின் விண்ணப்பத்தையே எடுத்துப் பாஸ் பண்ணிவிடலாம். நியமன உத்தரவை அங்கேயே எழுதிக் கையில் கொடுத்தார். வேதமுத்து அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

பதினோராம் நாள் மூன்று மணிக்குக் கமிட்டி கூடியது. எண்ணிப் பார்த்து ஐந்து பேர் என்றதும் தலைவருக்கு நாத்தழுதழுத்தது. கோரம் இல்லாமல் போன நாற்பத்தெட்டு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை முதலில் வாசித்து அங்கீகரிக்க வேண்டியிருந்தது. நாற்பத்தெட்டும் ஒரே வாசகம்தான். இருந்தாலும் வாசித்தார்கள். வேதமுத்து நாற்பத்தெட்டு முறை கை தூக்கினான். ஐந்து மணிக்கு அவன் விண்ணப்பம் வந்தது.

உறுப்பினர் தம் சொந்த விஷயம் விவாதிக்கப்படும்போது அவையில் இருக்கக் கூடாது என்று தலைவர் விதியை நினைவுபடுத்தினார். வேதமுத்து வெளியே போய் நின்றான். உள்ளே எண்ணிப் பார்த்தார்கள். நாலு பேர் இருந்தார்கள்.

மறுபடி அவனை உள்ளே கூப்பிட்டு, கோரம் இல்லாமையால் விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டதை அனுதாபத்தோடு தெரிவித்தார்கள். அப்படியானால் உறுப்பினர் பதவியை இப்போதே ராஜினாமா செய்கிறேன் என்றான். ராஜினாமாவைக் கமிட்டி ஏற்க வேண்டும். அதுவும் அவன் சொந்த விஷயம். அவன் வெளியே போனான். உள்ளே எண்ணிப் பார்த்தார்கள்.

டீயும் வடையும் வந்தன. வேதமுத்துவின் தம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. ஐந்து நாளாக நின்றிருந்த நடுக்கம் திரும்பியிருந்தது. ஐந்தரைக்கு நாலு பெரியவர்களும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டு, இவ்வளவு நிறைவான கூட்டம் நடந்ததே இல்லை என்று பேசியபடி கலைந்தார்கள்.

அவன் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் எட்டு மணிக்கு விக்கிரமசிங்கபுரம். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் கடை. பழைய மரியாதை அப்படியே இருக்கும். ஞானசௌந்தரி பக்கத்தில் வந்து நின்றாள்.

சாலோமி அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரையும் தாண்டி நாலு எட்டு வைத்தவள், நின்றாள். திரும்பாமலே, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

“விதி முப்பத்தொண்ணு. உறுப்பினர் ஒவ்வொருவரும் கட்டில்களை நேரில் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். ஆய்வு முடியும்வரை அவருக்கு எவரும் இடையூறு செய்யலாகாது. நாலு வருசமா ஒருத்தரும் செய்யலை அண்ணாச்சி.”

“எம்புட்டு நேரத்துக்குள்ள முடிக்கணும்?” என்று ஞானசௌந்தரி கேட்டாள்.

“அது போடலைக்கா.”

கூடத்தைத் திறந்தார்கள். சாலோமி ஏழாம் நம்பர் கட்டிலின் பதிவேட்டைத் திருப்பி மாட்டி, ஆய்வு தொடங்கிய நேரம் மாலை 5.50 என்று எழுதினாள். வேதமுத்து படுத்தான். பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

“வெளிய பூட்டிரும்மா” என்றான். “நான் தட்டுவேன். கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லுவேன். தொறந்திராத.”

சாவியை எங்கே வைப்பேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம் என்று சாலோமி ஞானசௌந்தரியிடம் சொன்னாள். ஞானசௌந்தரி ஜன்னலுக்கு வெளியே தரையில், முந்தானையை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

“இருக்கியளா?”

“இருக்கேன்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் புறப்பட்ட சாலோமி, வழியில் வந்து கதவைத் திறந்தாள். கதவின் உட்பக்கம் கீறலாகக் கீறியிருந்தது. விரிப்பு கசங்கி, ஒரு மூலை கிழிந்து, வியர்வையில் மஞ்சளாகியிருந்தது. நிலையத்தின் வரலாற்றில் முதல் கறை. வேதமுத்து சுவரோரம் உட்கார்ந்திருந்தான். தொண்டை கட்டியிருந்தது. பன்னெண்டு என்று மட்டும் சொன்னான். ஜன்னலுக்கு வெளியே ஞானசௌந்தரி அழுதாள். பன்னிரண்டு நாளில் அவள் அழுதது அப்போதுதான்.

சேதி கேட்டுத் தேவசிகாமணி ஆராதனையிலிருந்து பாதியில் எழுந்து வந்தார். வெளியேற்றுவேன் என்றார். உறுப்பினரை வெளியேற்றக் கமிட்டி கூட வேண்டும், ஐந்து பேர் வேண்டும் என்று சாலோமி பணிவாகச் சொன்னாள். அப்படியானால் ஆய்வு அறிக்கை எங்கே என்று கேட்டார். வேதமுத்து பதிவேட்டை நீட்டினான். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு வாசித்தார்.

‘ஏழாம் நம்பர் கட்டில். ஓர் இரவு முழுக்க ஆய்வு செய்யப்பட்டது. குடிகாரர் படுக்கத் தகுந்தது. ஒரு கட்டிலைச் சரியாகப் பார்க்க ஒரு நாள் ஆகிறது. இன்னும் முப்பத்தொன்பது இருக்கின்றன.’

கீழே மூன்று இடத்தில் கையெழுத்து இருந்தது. ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். பிழை ஒன்றும் அகப்படவில்லை. பேனாவை மூடினார்.

வேதமுத்து சுவரைப் பிடித்து எழுந்து, பைய நடந்து, எட்டாம் நம்பர் கட்டிலில் போய்ப் படுத்தான்.

“சாலோமி, பூட்டிக்கோம்மா” என்றான்.